ஏழு மணி நேரத் தீவு

லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "மூன்று தீவு பார்த்தோம்" என்பார்கள். எந்தத் தீவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சற்றுத் தடுமாற்றம். நீலத் தண்ணீர், தென்னை மரம், கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகு, மதியச் சாப்பாட்டில் சூரை மீன். எது கவரத்தி, எது கல்பேனி என்று தெரிந்துகொள்ள செல்போனில் படம் எடுத்த தேதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பயணிகளைக் குறை சொல்ல முடியாது. பகலில் தீவு, இரவில் கப்பல் என்ற ஏற்பாட்டின் கோளாறு அது. தீவில் தங்க இடம் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு. எனவே சாப்பாட்டையும் உறக்கத்தையும் கப்பலில் வைத்துக்கொண்டு பகலில் மட்டும் ஆட்களை இறக்கிவிடுவது என்று யாரோ புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறார்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு 'சமுத்திரம்' என்ற பெயரில் கொச்சியிலிருந்து நடத்திய ஐந்து நாள் பயணம் இந்த வகைக்கு முன்மாதிரி. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் அதில் அடக்கம். தனியார் சொகுசுக் கப்பல்களும் இந்தப் பக்கம் தலைகாட்டுகின்றன. எந்தக் கப்பல் எந்தத் தீவுக்குப் போகிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும் சமாசாரம். மாறாதது ஒன்றுதான்: தீவில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு பகல்.

அந்தப் பகலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் கரை இறங்கி மாலை வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும் என்றால் ஏழு மணி நேரம் தேறும். படகுக்குக் காத்திருப்பதும் படகில் போய்வருவதும் ஒன்றரை மணி. வரவேற்பு இளநீர், உடை மாற்றும் வரிசை, சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு தென்னை நிழலில் தானாக வரும் தூக்கம் எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு. மிச்சம் மூன்றரை மணி நேரம். ஒரு தமிழ் சினிமாவும் இடைவேளையும்.

இதில் நீச்சல், ஸ்நார்கெலிங், துடுப்புப் படகு, ஊர் சுற்றல், கடைவீதி, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. அதையே மறுநாள் அடுத்த தீவிலும் செய்தால் இரண்டு தீவும் ஒன்றாகக் கரைந்துவிடும். என் யோசனை எளிமையானது. ஒரு தீவுக்கு ஒரு விஷயம். எந்தத் தீவில் எது என்பதைக் கப்பல் ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவை கிடைத்தால் லாபம்.

முதலில் இறங்குகிற விஷயம். லட்சத்தீவுகள் பவளத் திட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் மணல் தீவுகள். பெரும்பாலும் கிழக்கே தீவு, மேற்கே ஆழமில்லாத லகூன், அதைச் சுற்றி வேலி போலப் பவளத் திட்டு. பெரிய கப்பல் இந்த வேலிக்குள் நுழைய முடியாது. சில இடங்களில் கிழக்குக் கரையில் ஜெட்டி உண்டு என்றாலும், கடல் சம்மதித்தால்தான் அது பயன்படும். இல்லாவிட்டால் கப்பல் வெளியே நிற்கும், அதன் வயிற்றில் ஒரு கதவு திறக்கும், கீழே ஒரு சிறு படகு ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருக்கும். அதில் நீங்கள் கால் வைக்க வேண்டும்.

பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைப்பை, கேமரா, குழந்தையின் பால் புட்டி எல்லாம் முதுகுப் பையில். படகு அலையில் மேலே வந்து நிற்கும் அந்த ஒரு நொடியில்தான் கால் எடுத்து வைக்க வேண்டும். படகுக்காரர் சொன்னால் உடனே வைக்க வேண்டும், யோசித்துவிட்டு வைக்கக் கூடாது. அவர் விரல்களைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். நீங்களும் அப்படியே பிடியுங்கள். புடவை கட்டிய பெரியம்மாக்கள் இதை அனாயாசமாகச் செய்வதையும், ஜிம்முக்குப் போகும் வாலிபர்கள் தயங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. கடல் முரண்டு பிடித்தால் ஒரு தீவு விட்டுப்போகலாம். அக்டோபரிலிருந்து மே மாதப் பாதி வரை என்று பருவம் வைத்திருப்பதே இதனால்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த விளையாட்டு ஆகாது.

இந்தியக் குடிமக்களுக்கும் இங்கே நுழைவு அனுமதி தேவை. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டாயம். மக்களில் 90 சதவீதத்துக்கு மேல் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்பவர்களே அனுமதியையும் வாங்கித் தருவது வழக்கம், ஆனால் எந்தெந்தத் தீவுக்கு என்று அதில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. பையில் புட்டி வேண்டாம்.

இந்தத் தீவுகள் ஏதோ வெளிநாடு போலத் தோன்றினாலும் நமக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி யூனியன் பிரதேசம் ஆகும்வரை இவை சென்னை மாநிலத்தில் இருந்தன. தெற்கே உள்ளவை மலபார் மாவட்டம், வடக்கே அமினி முதலானவை தென் கன்னட மாவட்டம். மாவட்டங்கள் கேரளத்துக்கும் மைசூருக்கும் போக, தீவுகள் டில்லிக்குப் போயின.

கவரத்தியில் எதைப் பார்ப்பது? நான் தண்ணீர் என்பேன். குடிக்கிற தண்ணீர்.

தலைநகரம் என்று பெயரே தவிர, இது சுமார் நான்கு சதுர கிலோமீட்டர் மணல். 2011 கணக்கெடுப்பில் 11,000 பேருக்கு மேல். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கனத்த உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக மிதக்கிறது. கிணறு தோண்டினால் கிடைப்பது அந்த ஆடைதான். அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். பக்கத்திலேயே கழிவறைக் குழி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2005ல் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே ஒரு ஆலையை நிறுவியது. தத்துவம் அழகானது. கடலின் மேல்மட்டத் தண்ணீர் 28 டிகிரி இருக்கும். பவளத் தீவுகளின் ஓரம் செங்குத்தாக இறங்குவதால் கரைக்கு அருகிலேயே 350 மீட்டர் ஆழம் கிடைக்கிறது, அங்கே தண்ணீர் 12, 13 டிகிரிதான். மேல் தண்ணீரைக் காற்றழுத்தம் குறைத்த கலத்துக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் ஆவியாகிறது. அந்த ஆவியை ஆழத்துக் குளிர்ந்த நீரால் குளிர்வித்தால் குடிநீர். அடுப்பு எரிக்க வேண்டாம், ரசாயனம் வேண்டாம். பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். 2011ல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இதே ஆலை வந்தது. 2024 ஜனவரியில் கட்மத் தீவின் ஆலையைப் பிரதமர் தொடங்கிவைத்தார்.

கவரத்தி ஆலையின் உற்பத்தித் திறன் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். கேட்க நிறைய. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஒன்பது லிட்டர்கூட வராது. அதாவது ஒரு பக்கெட்டில் பாதி. கடலில் குளித்துவிட்டு வந்து உப்புப் போக ஷவரில் நிற்கும் பயணி ஐந்து நிமிடத்தில் இதைப் போல் பல மடங்கைக் கொட்டிவிடுகிறார். ஆலைக்குள் போக அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆனால் தெருவில் நடந்து, வீட்டு வாசல் கிணறுகளையும் மழைநீர்த் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். உப்பை உடம்பிலேயே வைத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பி அங்கே குளிப்பது ஒரு சின்ன மரியாதை.

நடக்கிற வழியில் உஜ்ரா பள்ளிவாசலைப் பார்க்கலாம். மரக் கூரையில் உள்ள செதுக்கு வேலைப்பாடு, கடலில் மிதந்து வந்த கட்டையில் செய்தது என்று சொல்கிறார்கள். அடக்கமான உடையில், கேட்டுக்கொண்டு போங்கள். கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு அரை மணி போதும்.

கல்பேனி சின்னத் தீவு, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் லகூன் விசாலம். திலக்கம், பிட்டி போன்ற ஆளில்லாத திட்டுகளும் உண்டு. தண்ணீரில் இறங்குவதை இந்தத் தீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகமூடியும் மூச்சுக் குழலும் அங்கேயே தருவார்கள். நீச்சல் தெரியாதவர்களும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும். மீன்கள் நம்மைப் பொருட்படுத்தாமல் அலுவலகம் போகும் அவசரத்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்கூபா பயிற்சி என்று யாராவது அழைத்தால், தயவுசெய்து இந்தப் பயணத்தில் வேண்டாம். சொல்லிக்கொடுக்கும் நேரம், கருவி மாட்டும் நேரம் போகத் தண்ணீருக்குள் இருப்பது சில நிமிடம்தான். அதற்குத் தீவில் நாலு நாள் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். பாறை மாதிரி தோன்றுவது உயிருள்ளது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் இந்தப் பவளங்கள் வெளுத்தன. 2024லும் அது நடந்தது. சில நிறம் திரும்பின, பல திரும்பவில்லை. தரையில் கிடக்கும் உடைந்த பவளத் துண்டையும் எடுக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் இடம் பவளத்துக்கும் இருக்கிறது. ஞாபகார்த்தமாக என்ற சமாதானம் செல்லாது. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு நீந்துவது மேல். தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது, கரையில் நிற்கும் ஊர்க்காரர்களுக்கும் சங்கடமில்லை.

சில பயணத் திட்டங்களில் கல்பேனியின் பனியன் ஆலையையும் பார்க்க வேண்டிய இடமாகச் சேர்த்திருந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒருவர் இத்தனை கடல் தாண்டி வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் கிழக்குக் கரைக்குப் போங்கள். படம் எடுக்க அழகான இடம் இல்லை. பவளக் கற்கள், சில மிகப் பெரியவை, கரை நெடுகிலும் மேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847ல் அடித்த புயல் தூக்கி எறிந்தவை என்கிறார்கள்.

அந்தப் புயலின் கதை கற்களோடு முடியவில்லை. அப்போது தெற்குத் தீவுகள் கண்ணனூர் அரக்கல் குடும்பத்தின் ஆட்சியில். கல்பேனியும் ஆந்த்ரோத்தும் நாசமாயின. நிவாரணத்துக்கு அரக்கலிடம் பணம் இல்லை, ஆங்கிலேய அதிகாரி கடன் கொடுக்க முன்வந்தார். வட்டி ஏறியது. கட்ட முடியவில்லை. 1854ல் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், 1875ல் மறுபடியும் எடுத்தார்கள். பீரங்கி ஒன்றும் வெடிக்கவில்லை. நம் பக்கத்தில் கந்துவட்டிக்காரர் நிலத்தை எழுதி வாங்குவது எப்படியோ அப்படித்தான். கடற்கரையில் அந்தக் கற்குவியல் மேல் பத்து நிமிடம் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்க்கலாம். அந்த இடத்தில் பயணிகள் கூட்டமும் இருக்காது.

மினிக்காய் வேறு உலகம். மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பதாம் டிகிரிக் கால்வாய் என்ற 200 கிலோமீட்டர் அகலக் கடல் அதைப் பிரிக்கிறது. மாலத்தீவு சுமார் 130 கிலோமீட்டர்தான். எனவே வடக்குத் தீவுகளில் காதில் விழுந்த, மலையாளத்தோடு சேர்ந்த ஜெசரி பேச்சு இங்கே இல்லை. இங்கே பேசுவது மஹல், மாலத்தீவின் திவேஹி மொழிதான் அது. எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் தானா லிபி. தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு சின்ன உபரித் தகவல்: பவளத் தீவுக் கூட்டத்துக்கு உலகமே பயன்படுத்தும் 'அட்டோல்' என்ற சொல் இந்த மொழி தந்தது. இதே மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். ராமநாதபுரம், தூத்துக்குடி வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அங்கிருந்து வந்ததுதான்.

இந்தத் தீவில் மனிதர்களைப் பாருங்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்தால் போதும். 1885ல் கட்டியது, சுமார் 150 அடி. திறந்திருக்கும் நேரம் என்றால் ஏறிவிடுங்கள். மேலே போனால்தான் தீவின் பிறை வடிவம் தெரியும், ஒரு பக்கம் வெளிர்நீலம், மறுபக்கம் கருநீலம், நடுவில் ஒரு கோடு நிலம். இவ்வளவு கொஞ்சம் நிலத்தில் பத்தாயிரம் பேர் எப்படி என்று அப்போதுதான் உறைக்கும்.

பிறகு கீழே இறங்கி ஊருக்குள். பதினோரு கிராமங்கள். 'கிராமம்' என்றால் நம் ஊர் போல் நடுவில் வயல் எல்லாம் இல்லை, ஒரு தெருவைத் தாண்டினால் அடுத்த கிராமம். ஒவ்வொன்றுக்கும் ஆண்களின் தலைவராக ஒரு போடுகாக்கா, பெண்களின் தலைவியாக ஒரு போடுதாத்தா. கடற்கரைப் பக்கம் கிராமத்துக்குப் பொதுவான கூடம். படகுக் கொட்டகையில் ஜாஹாதோணி, வண்ணம் தீட்டிய நீண்ட பந்தயப் படகு, ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனி. எங்கள் படகுதான் அழகு என்று எல்லாக் கிராமத்திலும் சொல்வார்கள். கேளுங்கள், பேச்சு தொடங்க அதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள். உங்களைவிட அதிகத் துறைமுகங்களைப் பார்த்த கிழவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில் அவர்கள் வெளியே இருக்க, ஊரையும் வீட்டையும் நடத்தியது பெண்கள். லட்சத்தீவு முழுக்கவே இஸ்லாமியச் சமூகம், ஆனால் வம்சம் தாய்வழி. வடக்குத் தீவுகளில் சொத்துக்குக்கூடக் கிழமை உண்டு. தறவாட்டுக்குப் பொதுவாக, பெண்வழியில் இறங்குவது வெள்ளியாழ்ச்சச் சொத்து. தனி மனிதர் சம்பாதித்து ஷரியத் முறையில் பங்கு பிரிப்பது திங்களாழ்ச்சச் சொத்து. இரண்டு சட்டமும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல், அல்லது நாம் பார்க்கும்படியான சண்டையில்லாமல், குடியிருக்கின்றன.

படம் எடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2024 ஜனவரியில் பிரதமர் வந்துபோன படங்கள் வெளியானதும் லட்சத்தீவைத் தேடுகிறவர்கள் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அதே மாதம் கொச்சியிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கேபிளும் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது படம் எடுத்தவுடன் உலகத்துக்கு அனுப்பிவிடலாம். வாசலில் துணி காயப்போடும் பெண்ணுக்கு அதில் சம்மதமா என்று கேட்க அரை நிமிடம் ஆகும்.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கிலாஞ்சி கிடைத்தால் விடாதீர்கள். காகிதம் போல மெல்லிய அரிசி அப்பம், தேங்காய்ப் பாலில் வெல்லமும் வாழைப்பழமும் சேர்த்துத் தொட்டுக்கொள்ள. தென்னம்பாளையிலிருந்து இறக்கும் பதநீருக்கு இங்கே மீரா என்று பெயர், அதைக் காய்ச்சிய பாகும் கருப்பட்டி மாதிரிச் சர்க்கரையும் வீட்டுக்கு வாங்கிப் போகத் தகுந்தவை. ரொக்கம் கையில் வைத்திருங்கள்.

பிளாஸ்டிக் புட்டியோ பிஸ்கெட் உறையோ எதைக் கொண்டுபோனாலும் அதையே திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே போட்டால் அதை அள்ளிக் கொண்டுபோகக் கொடுங்கையூர் கிடையாது. கடல்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தப் பாலாடைத் தண்ணீர்.

கடைசிப் படகுக்கு முன்பு அரை மணி நேரம் மீதம் வையுங்கள். அந்த நேரத்தில்தான் மினிக்காயின் மீன்பிடிப் படகுகள் திரும்பும். வலை போடுவதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் இறைத்து, சூரைக் கூட்டம் மேலே வந்ததும் நீண்ட கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்துப் படகுக்குள் போடுவார்கள். அதில் ஒரு பங்கை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கட்டை போல உலர்த்தினால் மாசி. ஒரு கிலோ வாங்குங்கள், ஊரில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும். இரண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கப்பல் அறையில் உங்களோடு தங்கும் மூவரும் மாசி சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.